கெனாக்காரர் வைத்த தலை

ஜூலை பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. தூறல் இல்லை, மேற்கிலிருந்து காற்று மட்டும் அடித்தது. சரவணம்பட்டியில் பேருந்தைவிட்டு இறங்கினேன். படி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். நம்மைப் போன்ற முதியவர் ஒருவரைக்கூடக் கேட்காமல்தான் இந்த நாட்டில் பேருந்து கட்டுகிறார்கள் என்பதற்கு அந்தப் படி ஒன்றே போதும்.

இரண்டு நாட்களுக்கு முன் மருமகள் தன் செல்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றில் ஓவியக் கண்காட்சி. 'எல்லாருக்கும் சர்ரியலிசம்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. 'கோவையில் முதன்முறையாக' என்று அதன் கீழே. அந்த 'முதன்முறையாக'தான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது. அது தவறு. கனவில் வருவதுபோலச் சேராததையெல்லாம் சேர்த்து வரைகிற அந்தப் படங்களைக் கோவைப் பக்கத்து மக்கள் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. காட்டியவர் என் சித்தப்பா. அதைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது, நான் அறிந்தவரை, நான் ஒருவன்தான். அதனால் இதை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கலாம்.

சித்தப்பா என் அப்பாவைவிடப் பதினான்கு வயது இளையவர். மேட்டுப்பாளையம் சாலையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நூற்பு மில் இருந்தது. அதற்கு உதவும் என்று அவரைக் கப்பலேற்றி, இயந்திரப் படிப்புப் படிக்க அனுப்பினார் அப்பா. மூன்று வருடம் கழித்து ஒரு மரப்பெட்டியோடு திரும்பினார். பெட்டிக்குள் ரிங் பிரேம் போன்ற நூற்பு இயந்திரங்களின் வரைபடம் இருக்கும் என்று அப்பா ஸ்குரூ டிரைவரோடு காத்திருந்தார். திறந்தால் முழுக்கப் படப் புத்தகங்கள்.

"இதுல ரிங் பிரேம் எங்கடா இருக்குது?" என்றார் அப்பா.

"அது தலைக்குள்ள இருக்குதுங்கண்ணா" என்றார் சித்தப்பா. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொதுவாகவே வராது.

அந்தக் கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் சித்தப்பா புத்தகங்களிலிருந்து படங்களைச் சவரக் கத்தியால் அறுத்தெடுத்தார். மில் தச்சர் கொடுத்த ஒட்டுப்பலகைகளில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினார். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் துத்தம் கலப்பார். அது நாக்கில் படாமலே தொண்டையில் கசக்கும். இன்றும் எங்காவது சுவரொட்டி ஒட்டுகிறவர்களைத் தாண்டும்போது அந்தக் கசப்பு வருகிறது. வேறெங்கும் வருவதில்லை.

மொத்தம் இருபத்தாறு படங்கள். ஒரு வீட்டின் மாடிப்படியில் ஆறு இறங்கி வரும். குடை பிடித்த மனிதர் ஒருவர் நிற்பார். வெளியே வெயில், குடைக்குள் மட்டும் மழை. கண்ணாடித் தொட்டிக்குள் மீன்களுக்கு நடுவே ஒரு பெண் துணி தைத்துக்கொண்டிருப்பாள். இன்னொன்றில் உழுத காடு, அதன் நடுவே ஒரே ஒரு கை முளைத்து நிற்கும். மணிக்கட்டுவரை மண், ஐந்து விரலும் வானத்தைப் பார்த்து. அந்தக் கைப்படத்தின் பக்கம் போனால் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொள்வேன். ஆனாலும் பார்ப்பேன்.

இந்தப் படங்களை எல்லாரும் பார்க்க வேண்டும் என்பது சித்தப்பாவின் வெறி. வேறு சொல் கிடைக்கவில்லை. பெரிய வீட்டுக் கூடங்களில் மாட்டலாமே என்று அம்மா சொன்னதற்கு, "அவங்க பாக்க மாட்டாங்க அண்ணி, வெலை கேப்பாங்க" என்றார். அவருக்கென்று சில முறைகள் இருந்தன. வரைந்தவர் பெயரைச் சொல்லவே மாட்டார். படத்தைச் சுவரில் உயரமாக மாட்டமாட்டார். தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குக் கயிறு கட்டித் தொங்கவிடுவார். நேராகவும் வைக்கமாட்டார். சற்றே இடதுபுறம் திருப்பிவைத்து, இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "நேரா வெச்சா அது நம்மளப் பாக்கும் கண்ணு. நாம தலையக் குனிஞ்சுக்குவோம். கொஞ்சம் திருப்பி வெச்சாத்தான் என்னத்தப் பாக்குதுன்னு எட்டிப் பாப்போம்" என்று என்னிடம் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலே, படத்தின் மீதிருக்கும் துணியை விலக்குமுன் வந்தவரிடம் அவர் கண்ட கனவைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்.

"ஏனுங்க, நேத்து ராத்திரி கெனாவுல என்னங்க வந்துது?"

முதலில் மில் கேன்டீனில்தான் காட்டினார். ஷிப்டு மாறும் நேரம், பஞ்சுத் தூசி தலையில் வெள்ளையாக ஒட்டிய முப்பது நாற்பது பேர், கையில் டீ டம்ளர்.

"கெனாவெல்லாம் சம்பளத்துக்கு அப்பறமுங்க, சின்ன மொதலாளி" என்றார் ஒரு ஃபிட்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

சித்தப்பா அசையவில்லை. அடுத்தவரைக் கேட்டார். அவர் நெளிந்தார். "சொன்னாச் சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டனுங்க."

"என் பொண்டாட்டி கோழியாட்ட முட்டை போட்டாளுங்க."

"எத்தனைங்க?"

"மூணு. ஒண்ணு மட்டும் நல்ல மஞ்சக் கலரு."

கேன்டீன் அதிர்ந்தது. சித்தப்பா மட்டும் சிரிக்காமல் ஒரு துணியை விலக்கினார். மீன் தொட்டிக்குள் தைத்துக்கொண்டிருக்கும் பெண். "இதைப் போட்டவரும் உங்களாட்டத்தானுங்க. உங்க ஊட்டுக்காரம்மா முட்டை போட்டாங்க. இவரு ஊட்டுக்காரம்மா தண்ணிக்குள்ள துணி தெச்சாங்க. நீங்க காலையில எந்திரிச்சு மறந்துபோட்டீங்க. இவரு எந்திரிச்சு வரைஞ்சுபோட்டாரு. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

சிரிப்பு நின்றது. அந்த மனிதர் எழுந்து வந்து படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, டீ ஆறும்வரை பார்த்தார். அன்றிலிருந்து மில்லில் சித்தப்பாவுக்குக் கெனாக்காரர் என்று பெயர். அவர் காதுபடவே சொன்னார்கள். அவருக்கு அது இஞ்சினியர் பட்டத்தைவிடப் பிடித்திருந்தது.

மே மாதம் படங்கள் காரமடைச் சந்தைக்குப் போயின. மில் வேனில் ஏற்றி, புளியமரத்தடியில் கயிறு கட்டினோம். வெல்லம், வெங்காயம், மாட்டு மூத்திரம், வெயிலில் காயும் புதுக் கயிறு என்று எல்லா வாசனையும் அந்தத் துத்தப் பசை வாசனையோடு கலந்தது. கூட்டம் வந்தது. சிரித்தது. போனது.

கடலை விற்கிற ஒரு அம்மா மட்டும் போகவில்லை. இடுப்பில் நான்கு வயதுப் பையன். அவன் வலது கையில் வெந்நீர் கொட்டிய புண், வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டிருந்தது. அந்த அம்மா கைப்படத்தின் முன்னால் நின்றார்.

"இது எந்தக் கோயலு உருவாரமுங்க?"

உருவாரம் நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கால் நோவு என்றால் மண்ணில் ஒரு கால், கண் நோவு என்றால் ஒரு கண். குயவரிடம் வாங்கி அம்மன் கோயிலில் வைத்துவிட்டு வருவோம்.

"கோயல் ஒண்ணும் இல்லீங்க. கெனாவுல வந்த கையி" என்றார் சித்தப்பா.

"கெனாவுல வந்துதுன்னா அப்பறம் அம்மன் சொன்னதுதானுங்களே" என்றார் அந்த அம்மா. இதில் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோல, முந்தானையிலிருந்து குங்குமம் எடுத்து அந்தக் கையின் மணிக்கட்டில் வைத்தார். பையனின் புண் கையைப் படத்துக்கு நேராகப் பிடித்துக் கும்பிட்டார். ஓரணாக் காசு ஒன்றைப் பலகையின் கீழ் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சித்தப்பா வாய் திறந்தபடி நின்றார். திரும்பி வரும்போது வேனுக்குள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்தியா கண்ணு! நான் படிச்ச ஊர்ல இதுக்குப் பெரிய பெரிய கட்டுரை எழுதறாங்க. அந்தம்மாளுக்கு ஒரு நிமிசத்துல புரிஞ்சுபோச்சு!"

இப்போது யோசித்தால், அந்த அம்மாவுக்குப் படம் புரியவில்லை. சித்தப்பாவுக்கு அந்த அம்மா புரியவில்லை. இரண்டு பேரும் அன்று சந்தோஷமாக இருந்தார்கள் என்பது மட்டும் உறுதி. சித்தப்பா அந்தக் குங்குமத்தைத் துடைக்கவில்லை. அடுத்த சந்தைக்கு ஏழு பேர் வந்து கும்பிட்டார்கள். அதற்கடுத்த சந்தைக்கு இருபதுக்கு மேல். "ஒரு காலு இருக்குதுங்களா? எங்க அப்பாருக்கு முட்டி வலி" என்று ஒருவர் கேட்டார். விழுந்த காசுக்குச் சித்தப்பா வாழைப்பழம் வாங்கிச் சந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. அவர் சித்தப்பாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்தது. ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை பெண் வீட்டார் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது வெள்ளி டம்ளர்களில் காப்பி. அப்பா சித்தப்பாவின் பட்டத்தைச் சட்டம் போட்டு நடுச்சுவரில் மாட்டியிருந்தார். நேராக.

அப்போது வாசலில் தப்பட்டைச் சத்தம் கேட்டது. கடலைக்கார அம்மா, பையன், அவர்கள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர், கட்டிய காலோடு ஒரு சேவல், தேங்காய் பழத் தட்டு. பையனின் கையில் புண் ஆறி, புதுத் தோல் ரோஜா நிறத்தில் பளபளத்தது.

"கைச்சாமி இந்த ஊட்லதானுங்களே இருக்குது?" என்று அந்த அம்மா அப்பாவைக் கேட்டார். "நேந்துக்கிட்டனுங்க. சேவல் அறுத்துப்போட்டுப் போயிடறமுங்க."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க தம்பி இஞ்சினியருன்னுதானுங்களே சொன்னீங்க?"

"ஆமாங்க. இஞ்சினியருதானுங்க."

"கோயல் வெச்சிருக்காருன்னு சொல்லலீங்களே."

அந்த நேரத்தில் சித்தப்பா உள்ளிருந்து வந்தார். பட்டுக் கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், இரண்டு கைகளிலும் கைப்படம். பையனின் கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவர் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இது விளையாட்டு, சந்தைக் கூத்து என்று ஏதாவது. அவரோ படத்தைக் காப்பி மேசையின் மேல் சற்றே இடதுபுறம் திருப்பி வைத்தார். இரண்டடி பின்னால் போனார். பெண்ணின் அப்பாவிடம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"மாமா, நேத்து ராத்திரி கெனாவுல என்னங்க வந்துது?"

சேவல் மட்டும் ஒரு முறை இறக்கையை அடித்தது. பெண்ணின் அப்பா எழுந்து, என் அப்பாவைத் தனியாக அழைத்துப் போய், தாழ்ந்த குரலில் கேட்டார்: "இவருக்கு மருந்து ஏதாச்சும் குடுத்துக்கிட்டிருக்கறீங்களா?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விதான் சித்தப்பாவின் வாழ்க்கையை முடித்தது. அவர்கள் போனபின் ஒன்பது டம்ளர்களிலும் ஆடை படிந்து கிடந்தது. அப்பா அதே நாற்காலியில் விளக்கு வைக்கும் நேரம்வரை உட்கார்ந்திருந்தார்.

"அதுதான் சரி. வியாதின்னு சொல்லிடலாம். வியாதின்னா கொணமாயிருச்சுன்னு சொல்லலாம். அடுத்த எடம் பேசலாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"அவருக்கு என்னங்க வியாதி?"

"உனக்கு என்ன தெரியும்? படிக்காத சனங்க, கையப் பாத்தாலும் கும்பிடும், காலப் பாத்தாலும் கும்பிடும். படிச்சவன் அதை வேண்டாம்னு சொல்லோணுமா இல்லையா? சொல்லலை. அப்ப அது வியாதிதான்."

அப்பா தம்பியை வெறுத்தவர் அல்ல. இதை அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தம்பிக்கு ஒரு வாழ்க்கை அமையவேண்டும் என்ற கவலையில் செய்தார். வாரக் கடைசியில் அவரே காரில் உட்கார்ந்து, சித்தப்பாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மில்லுக்கு ஒரு மோட்டார் பார்க்கப் போவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்.

ஆறு மாதம் அங்கே இருந்தார். தலைக்குக் கரண்டு வைத்தார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மில்லுக்கு மின்சாரம் வைப்பதுபோல ஏதோ நல்லது என்றுதான் நான் நினைத்தேன்.

படங்கள் மில் மேஸ்திரியிடம் போயின. நல்ல ஒட்டுப்பலகை, வீணாக்குவானேன் என்று தண்ணீர்த் தொட்டிகளுக்கு மூடியாக்கினார். படம் உட்புறமாக. ஒரு முறை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மாடிப்படியில் இறங்கி வந்த ஆறு ஊறி, உப்பி, நூல் நூலாகத் தொட்டித் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்படம் எந்தத் தொட்டிக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினாறு தொட்டிகளைத் தேடினேன்.

தை மாதம் சித்தப்பா வந்தார். உடம்பு பெருத்திருந்தது. கூப்பிட்டால் திரும்புவார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். மில் ஆபீஸில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். பேச்சு இல்லை. ஏழு மாதம் ஒரு வார்த்தை இல்லை. அப்பா எல்லாரிடமும் "கொணமாயிருச்சுங்க, ரொம்ப அமைதியாயிட்டான்" என்று சொன்னார். மறுபடி ஜாதகங்கள் வரத் தொடங்கின.

சித்தப்பாவைக் காரில் ஏற்றிய அன்றே அம்மா ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். மண்ணில் ஒரு தலை செய்து அம்மன் கோயிலில் வைப்பதாக. ஆடி வெள்ளி, காலையிலிருந்து சாரல். சித்தப்பாவையும் காரில் கூட்டிக்கொண்டு போய், குயவர் வீட்டிலிருந்து தலையை வாங்கினோம். சுண்ணாம்பு அடித்து, கண் எழுதி, பெரிய மீசை வைத்திருந்தார். "எங்க கொழுந்தனாருக்கு மீசை இல்லீங்களே" என்றார் அம்மா. "அச்சு இது ஒண்ணுதானுங்க அம்மணி. அம்மனுக்குத் தெரியுமுங்க" என்றார் குயவர்.

காரிலிருந்து கோயில்வரை சேறு. அம்மா வழுக்கிவிடுவார் என்று தலையை அப்பாவே வாங்கிக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்பு படாமல், முழங்கையை விரித்துப் பிடித்தபடி நடந்தார். கோயிலின் பின்புறம் வேப்பமரத்தடியில் மேடை. அதில் மண் கால்கள், மண் கைகள், கண்கள், தொட்டிலில் குழந்தைகள், கன்றுகள். பலவற்றில் பாசி படிந்திருந்தது. அப்பா அவற்றை ஒதுக்கி, தலையை நடுவில், நேராக வைத்துக் கும்பிட்டார். கண்ணை மூடித்தான் கும்பிட்டார்.

சித்தப்பா மேடையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்னால் போய், அந்தத் தலையைச் சற்றே இடதுபுறம் திருப்பினார். பக்கத்தில் கிடந்த ஒரு மண் கையை எடுத்து, தலைக்கு முன்னால், விரல்கள் மேலே பார்க்கும்படி நிறுத்தினார். இரண்டடி பின்னால் வந்தார். ஒரு கண்ணை மூடினார். அவர் முகத்தில், ஒரு வருடம் கழித்து, ஒரு சிரிப்பு வந்தது. மரத்தடியில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தவரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, நேத்து ராத்திரி கெனாவுல என்னங்க வந்துது?"

"பேசறாருங்க!" என்று அம்மா கத்திவிட்டார். அழுகையும் சிரிப்புமாக மேடையில் தலையை முட்டினார். "அம்மா தாயே, பேசறாருங்க, பாருங்க!"

அப்பா தம்பியைப் பார்த்தார். திருப்பி வைக்கப்பட்ட தலையைப் பார்த்தார். அம்மாவிடம் திரும்பினார். "இன்னும் சரியாகலை."

அன்று மதியமே கார் மறுபடி பட்டணத்துக்குப் போனது. இந்த முறை மோட்டார் பார்க்க என்று சொல்லவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது, அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

அவர் திரும்பி வரவேயில்லை. அம்மா ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு தலை வாங்கி வைத்தார். எல்லாம் அதே மீசை. ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்த வருடம் மேடையில் எண்ணினேன். உடைந்ததையும் சேர்த்துப் பதினொன்று.

சரவணம்பட்டிக் கிடங்குக்குள் குளிர்சாதனம் என் முழங்கால்களுக்கு விரோதமாக ஓடிக்கொண்டிருந்தது. படங்கள் வெளிநாட்டு நூல்களிலிருந்து எடுத்த பெரிய அச்சுப் பிரதிகள். எதுவும் நான் பார்த்தவை அல்ல. நடுவில் ஒரு தாழ்ந்த மேடை. அதில் மண் உருவாரங்கள்: கால், கை, கண், ஒரு தலை.

கழுத்தில் 'க்யூரேட்டர்' என்று அட்டை மாட்டியிருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைத் தரையில் உட்காரவைத்து, கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க, இது ஒண்ணும் உங்களுக்குப் புதுசு இல்லை. உங்க ஊர்க் கோயில்ல இதே கையைப் பாத்திருக்கீங்க. அதைவிடுங்க, நேத்து நைட்டு என்ன கனவு கண்டீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க!"

நான் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் தன் புரொபசர் மாடாக வந்ததாகச் சொன்னான். அவனை யாரும் எங்கும் அழைத்துப்போகவில்லை. அவள் கைதட்டினாள்.

தலை நேராக வைக்கப்பட்டிருந்தது. மீசையும் இருந்தது. நான் அதைச் சற்றே இடதுபுறம் திருப்பினேன்.

"ஐயா, தொடக் கூடாதுங்க!" என்று காவலர் ஓடி வந்தார். அந்தப் பெண்ணும் வந்தாள். கோபப்படவில்லை. இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"இருக்கட்டுங்கண்ணா, விடுங்க. இப்பத்தான் நல்லாருக்கு" என்று காவலரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க ஐயா, எதுக்குத் திருப்புனீங்க?"

"நேரா வெச்சா அது நம்மளப் பாக்கும். நாம தலையக் குனிஞ்சுக்குவோம்."

"சூப்பருங்க! இது யாருங்க உங்களுக்குச் சொன்னாங்க?"

"எங்க சித்தப்பா."

"அவரும் க்யூரேட்டருங்களா?"

அவள் கண்களில் அத்தனை ஆவல். விளம்பரத்தில் இருந்த 'முதன்முறையாக'வைத் திருத்தத்தான் நான் போயிருந்தேன்.

"இல்லை அம்மணி" என்றேன். "அவரு பேஷண்டு."

பையில் துழாவி ஒரு பத்து ரூபாயும் ஒரு ரூபாயும் எடுத்துத் தலையின் முன் வைத்தேன். காவலர் அவளைப் பார்த்தார். அவள் எடுக்க வேண்டாம் என்று தலையசைத்தாள். வெளியே தூறல் பிடித்திருந்தது.

நுழைவுச்சீட்டு, முதியவர்களுக்குப் பாதி, ஐம்பது ரூபாய். பேருந்து போக வர முப்பது. தூறல் நிற்கும்வரை குடித்த டீ பதினைந்து. தலைக்குப் பதினொன்று. மொத்தம் நூற்று ஆறு ரூபாய்.